ஜோடி இல்லாமல் வந்த பல்சக்கரம்

பல்சக்கரம் ஒன்றைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு கடல் தாண்டியவர் எங்கள் ஊரில் என்னைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் கூறைச்சேலை வாங்கப் போவார்கள், கோயில் பார்க்கப் போவார்கள். நான் போனது மூன்று பல் உடைந்த சக்கரத்துக்கு மாற்றுச் சக்கரம் வெட்டுவிக்க. எழுபதுகளின் தொடக்கம் அது. இயந்திர உதிரிப் பாகம் எதுவும் எங்கள் நாட்டுக்குள் வராத காலம்.

சக்கரம் எங்கள் அச்சகத்து மெசினுடையது. அச்சகம் அக்காவுடையது. அத்தான் காலமான பிறகு அவர் விட்டுப்போன மெசினை நான் ஓட்டினேன், அக்கா மற்ற எல்லாவற்றையும் ஓட்டினார். வருடம் முழுவதும் கலியாணக் காகிதம், நோட்டீசு என்று அடித்தாலும் எங்களுக்குச் சோறு போடுவது பஞ்சாங்கம்தான். சித்திரைப் புதுவருடத்துக்கு முன்னால் அது கடைக்குப் போய்விட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் கடலை சுற்றத்தான் உதவும். பாதிப் பக்கங்கள் அடித்து முடிந்த நிலையில், மாசி மாதத்து மத்தியானம் ஒன்றில் மெசின் நின்றுபோனது.

ஏன் நின்றது என்பது எனக்கு மட்டும் தெரியும். அச்செழுத்துகளைச் சட்டத்துக்குள் இறுக்குவதற்கு ஓர் இரும்புச் சாவி உண்டு. அதை மேசையில் வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது என் கெட்ட பழக்கம். அன்று ஓடுகிற மெசினுக்கு எண்ணெய் விடக் குனிந்தேன். சாவி நழுவி, பெரிய சக்கரத்துக்கும் சின்னச் சக்கரத்துக்கும் நடுவே விழுந்தது. பெரியதில் மூன்று பல் போய், ஓர் ஆரக்காலும் வெடித்தது. சின்னதில் இரண்டு பல் வளைந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் சாவியை எடுத்துக் கழுவி வைத்தேன், சின்னச் சக்கரத்தின் மேல் தகர மூடியைப் போட்டுத் திருகி முடுக்கினேன், பெரிய சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"இரும்பு பழசாய்ப் போச்சு அக்கா," என்றேன்.

அக்கா உடைந்த இடத்தைப் பார்த்தார். "எவ்வளவு கெதியாப் போய் வரலாம்?" என்று மட்டும் கேட்டார். நாற்பது வயது ஆண்பிள்ளை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பொய் சொல்லிவிட்டுத்தான் நான் புறப்பட்டேன்.

சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் எனக்கு இருந்த ஒரே பற்றுக்கோடு சுடலைமுத்து அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். யாழ்ப்பாணத்தில் ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது அத்தானுக்குக் கூட்டாளி. பிறகு ஊர் திரும்பி, ஆவடியில் இராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை பார்த்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். நான் வந்த முதல் நாள் அவருக்கு லீவு. பின்னேரம் அவர் வாசலில் சாக்கை இறக்கியபோது தரை அதிர்ந்தது.

"என்னத்த அண்ணாச்சி கொண்டாந்திருக்கீய, அம்மியா?" என்றார் அவர்.

அவர் மனைவி பேச்சியம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்குமுன் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. "வாங்க, ஒண்ணு காட்டுதேன்," என்று என்னைத் தெருமுனைக்குக் கூட்டிப்போனார் அண்ணாச்சி.

சைக்கிளைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்குச் சொல்லித்தர ஆளில்லை என்பது என் எண்ணம். எங்கள் ஊரில் வாத்தியாரும் சைக்கிள், மீன்காரரும் சைக்கிள், மாப்பிள்ளையும் சைக்கிள். ஆனால் அந்தத் தொழிற்சாலை வாசலிலிருந்து வெளிப்பட்டதை நான் கண்டதில்லை. தெருவின் இரண்டு கரையும் நிரம்பி, காக்கிச் சட்டையும் தூக்குச் சட்டியுமாக அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நாங்கள் நின்ற இடத்தில் தெரு கொஞ்சம் இறக்கம். அங்கே வந்ததும் எல்லோரும் மிதிப்பதை நிறுத்தினார்கள். அப்போது பின்சக்கரத்துப் பல்லெல்லாம் சேர்ந்து டிக்டிக்கென்று ஒரு சத்தம் எழும்பியது, ஓட்டுக் கூரையில் பெருமழை பிடித்தது போல. யாரும் கதைக்கவில்லை. அத்தனை ஆயிரம் சின்னப் பற்கள் மட்டும் கதைத்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"தினம் ரெண்டு வேளை இதான்," என்றார் அண்ணாச்சி. தினமும் பார்க்கிறவருக்கு அது பெரிதில்லைதான்.

இரண்டாம் நாள் காலை, இட்லிக்கு வடைகறி என்ற புது ஏற்பாட்டைச் சாப்பிட்டேன். புட்டுக்கும் சொதிக்கும் பழகிய நாக்கு முதலில் முரண்டியது, மூன்றாவது இட்லியில் சரணடைந்தது. பிறகு அம்பத்தூருக்குப் பஸ் ஏறினேன். சாக்கு கனம் என்பதால் டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் மூடியை ஒட்டி இடம் கொடுத்தார்கள். கொடுத்ததன் காரணம் பஸ் வேகம் பிடித்த பிறகு தெரிந்தது.

"சார், இத்த கொஞ்சம் கெட்டியா புட்ச்சிக்கோ. உட்டா நழுவிக்கும்," என்று கியர் கம்பியின் குமிழை என் கையில் கொடுத்தார் டிரைவர்.

அந்த பஸ்ஸுக்கு மூன்றாம் கியர் மட்டும் நிற்காதாம். ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் அரசாங்கப் பஸ்ஸின் மூன்றாம் கியராக நான் வேலை பார்த்தேன். கம்பி வழியாக உள்ளே பற்கள் உரசுவது முழங்கை வரை தெரிந்தது. இறங்கும்போது அவர் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையை எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் லேத் மெசின் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே கொட்டகைக்குக் கொட்டகை லேத் சுழன்றது. ஒரு வாசலில் நெருப்புப் பொறி, அடுத்த வாசலில் சுருள் சுருளாக இரும்புச் சீவல், அதற்கடுத்த வாசலில் வெள்ளைப் பாலாக எண்ணெய்த் தண்ணீர் கத்தி மேல் ஊற்றிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாசம். சைக்கிள் செயின் தட்டு ஒரு கொட்டகையில் மலைபோலக் குவிந்து கிடந்தது. தேர்த்திருவிழாவில் காணாமல் போன பிள்ளை மாதிரி நான் பார்த்துக்கொண்டே நடந்தேன். தோள் வலித்ததுகூட மறந்துபோனது.

அண்ணாச்சி எழுதித் தந்த பெயர் ஏழுமலை. முப்பது வயதுக்கு மேல் இராது. காதில் பென்சில், முட்டிவரை மடித்த காக்கிக் கால்சட்டை. நான்கு ஆட்களும் மூன்று மெசின்களுமாகப் பல்சக்கரம் மட்டும் வெட்டுகிற கொட்டகை அவருடையது. அந்த இடம் முன்பு வயல் என்றும், அவருடைய தகப்பனும் தாயும் அதில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் என்றும் பிறகு சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மெசின் வாங்கியதைத்தான் விலாவாரியாகச் சொன்னார்.

சாக்கை அவிழ்த்துச் சக்கரத்தை மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. சாக்கைத் தூக்கி உதறினார். தூசிதான் விழுந்தது.

"ஜோடி எங்க சார்?"

"எந்த ஜோடி?"

"இதுகூட சுத்தற சக்கரம். ஒண்ண மட்டும் தூக்கினு வந்துகீற?"

அந்தக் கொட்டகையின் வழக்கத்தை அப்போதுதான் அறிந்தேன். தனிச் சக்கரம் அங்கே எடுக்க மாட்டார்கள். பழையதோடு புதியதைச் சேர்த்தால் தேய்ந்த பல் புதுப் பல்லைத் தின்றுவிடும் என்பது அவர்கள் கட்சி. வெட்டினால் இரண்டையும் வெட்டுவார்கள், இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்துத்தான் கையில் தருவார்கள்.

"ரெண்டும் போட்டுத் தரேன். பெரிசு உன் கையில கீது, பல்லு எண்ணிக்கலாம், எண்பத்து நாலு. சின்னதுக்கு, ரெண்டு தண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு தெரிஞ்சா போதும், நான் கணக்குப் போட்டுப்பேன். நடு தூரம் இன்னா?"

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, அக்காவுக்குத் தந்தி கொடுத்து, மூடியைக் கழற்றி அளக்கச் சொல்வது. மூடியைக் கழற்றினால் வளைந்த பல் தெரியும். இரும்பில் சாவியின் தடம் அச்சடித்ததுபோல் பதிந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். அச்சுத் தொழிலிலேயே கிடந்த அக்காவுக்கு அதை வாசிக்க இரண்டு நொடி போதும்.

"ஏழரை அங்குலம்," என்றேன்.

"அளந்தியா?"

"அளந்தனான்."

கண்ணளவில் ஏழரைதான் இருக்கும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். "எப்டி ஒடைஞ்சுது?" என்று கேட்டார். "பழசு," என்றேன். இரண்டாவது பொய்க்கு முதலாவது அளவு பாடுகூட இல்லை.

மூன்றாம் நாள் இன்னொரு சிக்கல். எங்கள் மெசின் வெள்ளைக்காரன் காலத்தது, அங்குலக் கணக்கில் வெட்டிய பல். ஏழுமலையிடம் இருந்த கத்திகளெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் ஓடினால் அலறும் என்றார். அங்குலக் கத்தி இப்போது யாரும் வைத்திருப்பதில்லை, பட்டாபிராமில் டேனியல் என்று ஒரு ரயில்வே பிட்டர் இருக்கிறார், அவரிடம் ஒரு பெட்டி உண்டு, ஆனால் லேசில் தரமாட்டார். "நீ கூட வா. வெளியூர் மொகத்தப் பாத்தா கொஞ்சம் எறங்குவாரு," என்று தன் சைக்கிளின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டார்.

ஆவடியைத் தாண்டும்போது சைக்கிள் எங்களைக் கைவிட்டது. பெடல் சுற்றுகிறது, சக்கரம் சும்மா நிற்கிறது. ஏழுமலை இன்னும் மிதித்துக்கொண்டிருந்தார், வண்டி மெல்லச் சாய்ந்து இருவரையும் புளியமரத்தடியில் இறக்கிவிட்டது. அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவர் பின்சக்கரத்துப் பல்வட்டைக் கழற்றி, மூடியைத் தட்டித் திறந்தார். உள்ளே ஒரு பெரிய ரகசியம் இருந்தது. வட்டத்தின் உட்பக்கமும் பல், அதற்கு எதிரே நகத்தளவு இரண்டு இரும்பு நாக்கு, ஒவ்வொன்றையும் நிமிர்த்தி வைக்க மயிரளவு கம்பி. முன்னால் மிதித்தால் நாக்கு பல்லைப் பிடிக்கும். மிதிக்காவிட்டால் பல் மேல் தட்டித் தட்டி வழுக்கும். முதல் நாள் கேட்ட மழையின் ஊற்று அதுதான். முப்பது வருடமாகச் சைக்கிள் ஓடுகிறேன், அந்த நாக்கை அன்றுதான் கண்டேன்.

"கம்பி செத்துப்போச்சு," என்றார் கடைக்காரர். ஒரு துண்டுக் கம்பியை வெட்டி வளைத்து வைத்தார், வண்டி உயிர்த்தது.

டேனியல் வீடு பட்டாபிராமில் இராணுவத் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். கட்டையான, நரைத்த மீசைக்காரர். எங்களைக் கண்டதும் வந்த காரியம் அவருக்குத் தெரிந்துவிட்டது. "பொட்டி ஊட்ட உட்டு எங்கியும் போவாது," என்று ஆரம்பித்தார். ஆனாலும் உட்காரச் சொன்னார், அவர் மகள் டீ கொண்டுவந்தாள். எங்கள் ஊரில் பால் விடாத தேயிலைச்சாயத்துக்குக் கையில் சீனி வைத்து நக்கிக் குடிப்போம் என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்த வாயோடு தன் கதையைச் சொன்னார். இளம் வயதில் நீலகிரி மலை ரயில் கொட்டகையில் வேலை. அந்த ரயிலை நான் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கு மலையே இல்லை. அவர் தரையில் இரண்டு தண்டவாளம் வரைந்து, நடுவே மூன்றாவதாகப் பல்பல்லாய் ஒன்று வரைந்தார்.

"என்ஜின் வயித்துக்குக் கீய பல்சக்கரம். நடுவுல பல்லுக் கம்பி. ஏணில ஏற்ற மாதிரி ஒரு ஒரு பல்லா புட்சிகினு ஏறும். கீய பாத்தா பாதாளம். மொத்த ரயிலும், உள்ள கீற கொயந்த குட்டி எல்லாம், அந்த நிமிசத்துக்கு ரெண்டு மூணு பல்லு மேலதான் நிக்கும். அது உட்டா அடுத்த பல்லு. அதுக்கப்பறம் அடுத்தது."

ஜன்னலோரம் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு மலையேறும் குடும்பத்தை, கைவிரல் அகலப் பல் இரண்டு மூன்று தாங்குகிறது. ஏறுகிறவர்களில் எத்தனை பேர் குனிந்து அதைப் பார்த்திருப்பார்கள்? பல் வெட்டியவன் பெயரை யார் கேட்டிருப்பார்கள்?

பஞ்சாங்கத்தின் கதையை நான் சொன்னேன், அக்காவின் நிலையைச் சொன்னேன். டேனியல் உள்ளே போய் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். எட்டுக் குழி, எட்டு வட்டக் கத்தி. தீட்டித் தீட்டி மெலிந்துபோயிருந்தன.

"இன்னொரு தபா தீட்ட முடியாது. உன் ஜோடிக்குத் தாங்கும். அதோட சரி," என்றார். பெட்டியை என் கையில் வைத்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டார். "நடு தூரம் யாரு அளந்தது?"

"நான்தான்."

பெட்டியை விட்டார். திரும்பும் வழியெல்லாம் மடியில் பெட்டியோடு சைக்கிளில் உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை ஏதேதோ கதைத்தார். நான் உம் கொட்டினேன்.

நான்காம் நாள் பெரிய சக்கரம். வெட்டத் தொடங்கும்போது ஏழுமலை ஒரு சிவப்புத் துணியை மெசின் கைப்பிடியில் கட்டினார். அது பறக்கும்வரை கொட்டகையில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. ஆர்டர் கொடுக்கிற முதலாளியே வந்தாலும் வாசலில் நின்றுகொள்ள வேண்டும், வீட்டில் நெருப்புப் பிடித்தாலும் துணியை இறக்கின பிறகுதான் சொல்ல வேண்டும் என்றார் பக்கத்து லேத்காரர், அதையும் துணி கட்டுமுன்பே சொல்லி முடித்தார். பல் எண்ணுவது தவறினால் இரும்பு குப்பைக்குத்தான்.

ஒரு பல் வெட்டுவார். கைப்பிடியைச் சுற்றி, துளைபோட்ட தகட்டில் பத்துத் துளை தள்ளி ஊசியைக் குத்துவார். அடுத்த பல். எண்பத்து நான்கு தடவை. வார்ப்பிரும்புத் தூள் கறுப்பாக உதிர்ந்து அவர் கை மயிரெல்லாம் ஒட்டியது. எண்பத்து நான்காவது பல் வெட்டி முடிந்தபோது, முதல் பல்லுக்கும் கடைசிப் பல்லுக்கும் நடுவே இருந்த பள்ளம் மற்ற எல்லாப் பள்ளத்தின் அளவே இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வட்டம் வந்து சேர்ந்துவிட்டது. என்னை அறியாமல் கும்பிட்டேன். கோயிலில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை, பொய் சொல்வானேன்.

துணியை இறக்கிவிட்டு ஏழுமலை சாப்பிடக் கூப்பிட்டார். அவர் வீட்டிலிருந்து கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வந்திருந்தது. எனக்கென்று தனிக் கிண்ணம். "யாழ்ப்பாணத்துலேருந்து ஆளு வந்துகீறார்னு சொன்னேன், எங்க ஊட்ல கருவாடு சேத்துப் போட்டுச்சு," என்றார். பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் எங்கள் ஒடியல்கூழுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் அந்தக் களி. நன்றாக இருந்தது. ஆனால் என் கண் மேசைக்கே போனது.

மேசையில் சின்னச் சக்கரத்துக்கான எஃகு வட்டு தயாராக இருந்தது. என் ஏழரை அங்குலத்தை நம்பிக் கடைந்த வட்டு. கணக்குப்படி முப்பத்தாறு பல். அளவு பிழை என்றால் கணக்கு காட்டிக்கொடுக்காது, ஊருக்குப் போய் மாட்டும்போதுதான் தெரியும். அப்போது பஞ்சாங்கமும் போய்விடும், டேனியலின் கத்தியும் போய்விடும். இன்னொரு முறை வெட்ட அந்தக் கத்தியில் உயிர் இருக்காது.

ஏழுமலை கை கழுவி வந்து வட்டைப் பூட்டினார். சிவப்புத் துணியைக் கட்டினார். லேத்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கத்தி சுழலத் தொடங்கி, எண்ணெய்த் தண்ணீர் ஊற்றி, வட்டு மெல்ல மெல்ல அதை நோக்கி நகர்ந்தது. ஒரு நூல் இடைவெளி இருக்கும்.

"வெட்டாதையுங்கோ," என்று கத்திவிட்டேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. நான்கு பேரும் திரும்பினார்கள். துணி பறக்கும்போது அந்தக் கொட்டகையில் ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை என்று அவர்கள் முகமே சொன்னது. ஏழுமலை சுவிட்சைத் தட்டினார். கத்தி சுழன்று ஓய்ந்தது. பிறகு துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னா?"

"நான் அளக்கேல்லை. ஏழரை எண்டது பொய். சக்கரம் பழசாகி உடையேல்லை. என்ர சாவி விழுந்து உடைஞ்சது. அக்காவுக்குத் தெரியாது. மூடியைக் கழட்டினா அக்காவுக்குத் தெரிஞ்சுபோம் எண்டுதான்..."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், அத்தனை பேருக்கும் முன்னால். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். ஏழுமலை சுழற்சி நின்ற கத்தியைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு என்னைப் பார்த்தார்.

"சாவி உளுந்துட்டா உளுந்துட்டுது அண்ணாத்தே. அளவுல போயி இன்னா கூச்சம் உனக்கு?" என்றார். கோபம் குரலில் இருந்தது. ஆனால் அதுவரை சார் என்றவர் அப்போதுதான் அண்ணாத்தே என்றார். "ரெண்டு தண்டும் ஒரே தடிமனா?"

"ஓம்."

"அப்ப நடுவ தேட வாணாம். இந்தத் தண்டோட இடது ஓரத்துலேருந்து அந்தத் தண்டோட இடது ஓரம். நூல் கணக்குல சொன்னா போதும். போய் தந்தி அடி."

தந்தியை ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதினேன். மூடியைக் கழற்று, இடது ஓரத்திலிருந்து இடது ஓரம் அளந்து சொல், பல்லில் சாவித் தடம் இருக்கும், விழுத்தினது நான். தந்திக் குமாஸ்தா வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

பிறகு நான்கு நாள். அந்த நான்கு நாளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒரு நாள் பூந்தமல்லிக்குப் போய், கூடை கூடையாக வந்திறங்கிய மல்லிகைப்பூவைப் பார்த்தேன். அங்கே ஒரு கரும்புச்சாறு மெசினின் இரண்டு பல்சக்கரம் ஒன்றையொன்று விடாமல் பிடித்துச் சுற்றுவதை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் மூன்று கிளாஸ் விற்றுவிட்டார் என்னிடம். மற்ற நாளெல்லாம் அண்ணாச்சி வீட்டு வாசலில் தந்திக்காரரை எதிர்பார்த்திருந்தேன். பேச்சியம்மாள் "சாப்பிடுதீயளா?" என்று மட்டும் வேளைக்கு வேளை கேட்டார். அக்காவின் முகம்தான் என் கண்ணுக்குள் நின்றது. கோபித்தாலும் பரவாயில்லை, பதில் போடாமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது தந்தி. ஏழு அங்குலம் மூன்று நூல், மூன்று முறை அளந்தேன். அவ்வளவுதான். என் ஒப்புதலுக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. அங்குலத்துக்கு எட்டு நூல், ஏழரை என்றால் ஏழு அங்குலம் நான்கு நூல். ஒரு நூல் பிசகியிருந்தேன் நான். ஒரு நூல் என்றால் அரிசியின் பாதி நீளம். அந்த அரை அரிசி அக்காவின் பஞ்சாங்கத்தைத் தின்றிருக்கும்.

ஏழுமலை தந்தியை மெசினில் ஒட்டிவைத்துக் கணக்குப் போட்டார். முப்பத்து நான்கு பல். வட்டை அந்த அளவுக்குக் கடைந்தார், சிவப்புத் துணியைக் கட்டினார், கட்டியபிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். பட்டாபிராமிலிருந்து டேனியலும் பாசஞ்சர் வண்டி பிடித்து வந்திருந்தார், கத்தியை வழியனுப்ப. முப்பத்து நான்காவது பல் முடிந்தபோது கத்தியின் ஓரம் வெளுத்துப்போயிருந்தது. டேனியல் அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

பிறகு இரண்டு சக்கரங்களையும் ஏழு அங்குலம் மூன்று நூல் இடைவெளியில் பூட்டினார்கள். ஏழுமலை ஒரு செய்தித்தாள் கீற்றைக் கிழித்துப் பல்லுக்கு நடுவில் கொடுத்துக் கையால் சுற்றினார். நான் தினமும் தாளோடு வாழ்கிறவன். தாள் மெசினுக்குள் போவது எனக்குப் புதிதில்லை. ஆனால் இரண்டு இரும்புப் பற்கள் நடுவே போன அந்தக் கீற்று மறுபக்கம் மடிப்பு மடிப்பாக, ஓர் இடத்திலும் கிழியாமல், எழுத்துக்கூடக் கலையாமல் வந்தது. மோட்டாரைப் போட்டார். சத்தமே இல்லை. இரும்பும் எஃகும் ஒன்றன் இடுக்கில் ஒன்று விரல் கோத்து, பிரிந்து, மறுபடி கோத்துச் சுற்றின. எண்பத்து நான்கும் முப்பத்து நான்கும். கொட்டகையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். தினமும் பல் வெட்டுகிறவர்களுக்கும் அது பார்க்கத் தெவிட்டவில்லை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

"இப்பத்தான் ஜோடி," என்றார் டேனியல்.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது பங்குனி பாதி போய்விட்டது. அக்கா வாசலில் நின்று சாக்கை வாங்கினார். நான் சக்கரங்களை மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, கேட்ட திருகாணி முடுக்கியை எடுத்துத் தந்தார். மூடியைப் போடப் போனேன். வேண்டாம் என்று கையைப் பிடித்தார். குனிந்து, புதுப் பல் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்.

"ஆர் வெட்டினது?"

ஏழுமலையைப் பற்றிச் சொன்னேன். களியும் கருவாடும், டேனியலின் பெட்டி, சிவப்புத் துணி, நான் கத்தியது, நான்கு பேருக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னது. அக்கா கேட்டுக்கொண்டே தாள் கட்டைப் பிரித்து அடுக்கினார். அத்தான் போன பிறகு அவர் தாள் அடுக்கி நான் பார்க்கவில்லை.

"அங்கை, முன்னைப்பின்னை தெரியாத சனத்துக்கு முன்னாலை சொல்லியிருக்கிறாய்," என்றார். "இஞ்சை நானும் நீயும் தானே. அப்பிடி என்னடா பயம் என்னிலை?"

நான் சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து மேசையில் வைத்தேன்.

அக்கா முதல் தாளை மெசினில் வைத்து, இரண்டு ஓரமும் சரி பார்த்தார்.

"சரி, சுத்து," என்றார். நான் சுற்றினேன்.